சிவப்பு வட்டமும் கறுப்பு நாயும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. (நான் அதை விடவில்லை. அதுதான் என்னை விட்டது.) அதன் பிறகு கிள்ளானில் ஓர் இரும்புச் சாமான் கடையில் ஆணி நிறுத்துப் போட்டே தலை நரைத்தவன். இதுவரை நான் எழுதியதெல்லாம் பில் புத்தகத்தில்தான். அதிலும் முதலாளி திருத்துவார்.

ஆனாலும் என் அக்கா மகள் விடவில்லை. "மாமா, அந்தக் கதைய நீங்களே எழுதிடுங்க. மத்தவங்க சொல்றப்ப நீங்க இன்னும் மோசமா தெரியறீங்க" என்றாள். நியாயம்தானே என்று உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால், நானே சொன்னாலும் அதே அளவு மோசமாகத்தான் தெரிகிறேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி உட்கார்ந்து, இந்தப் பக்கம் நான் நின்றால் போதும். அவர் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவேன். ஒருமுறை பல்வலிக்காக அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். "வயித்து வலியா?" என்றார்கள். ஆட்டினேன். கொடுத்த மருந்தை வீட்டுக்கு வந்து குடித்தும் தொலைத்தேன். (வயிறு நன்றாகத்தான் இருந்தது. பல்தான் போய்விட்டது.)

இந்த வியாதியோடு என் வீட்டில் நான்தான் படித்தவன். மலாய் வாசிப்பேன் என்பதால் குடும்பத்துக்கே நான்தான் வக்கீல். அந்தக் குடும்பத்தின் கதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. என் அக்கா பாக்கியம், மச்சான் லோரி விபத்தில் இறந்த பிறகு, இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடற்கரையில் வடையும் மீ கோரிங் நூடுல்ஸும் போட்டு விற்றாள். கிள்ளானிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரம். எந்தக் கடற்கரை என்று சொல்ல மாட்டேன். அந்த ஊராட்சி மன்றத்தின் ஆட்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, எல்லாத் தப்பும் நான் செய்தது. கடல் என்றதும் நீல நிறமாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் கடல் பால் குறைந்த தேநீர் மாதிரி இருக்கும். தண்ணீர் வற்றினால் சேற்றில் நடந்துகொண்டே இருக்கலாம், கடல் வராது. ஆனாலும் சனி, ஞாயிறு வந்தால் பிரிக்பீல்ட்ஸ், சுபாங் ஜெயா என்று எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வந்து பாய் விரித்துவிடுவார்கள். சுற்றுலாத் தலம் என்று பலகையும் இருந்தது.

கடைகள் எல்லாம் கடல் பக்கம், சவுக்கு மரங்களின் அடியில் வரிசையாக இருந்தன. அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய வடிகால். லோங்காங் என்போம். கடைசியாக வந்து சேர்ந்த அக்காவுக்குக் கிடைத்தது லோங்காங்குக்கு அந்தப் பக்கம். ஒரு பலகையைப் போட்டு, அதில் ஏறி, அந்தப் பக்கம் வரும் தைரியம் உள்ளவர்கள் மட்டும்தான் அக்காவின் வாடிக்கையாளர்கள். வரிசையின் நடுவில் செண்டோல் என்ற குளிர்பானம் விற்ற ராமையா அண்ணன் தினமும் ஒருமுறையாவது கத்துவார்:

"பாக்கியம்! ஒங்கடைக்கு வரணும்னா பாஸ்போர்ட்டு எடுக்கணும் போல லா!"

அக்கா கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். அதோடு சரி.

ஒரு சனிக்கிழமை நான் உதவிக்குப் போனபோது அக்கா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மாவு புளித்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்துக்கும் போட்டான் தம்பி. எனக்குப் போடல."

"என்னாக்கா போடல?"

எதிர்ப் பக்கம் காட்டினாள். ராமையா அண்ணன் கடை, அடுத்து ரோஜாக் பலகாரக் கடை, அதற்கடுத்து பட்டம் விற்கும் கடை என்று ஒன்று விடாமல் முகப்புப் பலகையில் தட்டளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். மன்றத்திலிருந்து ஓர் ஆள் பெயிண்ட் டின்னோடு வந்தானாம். வரிசையாகப் போட்டுக்கொண்டே போனானாம். கடைசிக் கடை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டானாம். பலகையைத் தாண்டி வரவே இல்லை.

ராமையா அண்ணன் வட்டத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டம் வாங்கிய முகம்.

"வெள்ளைக்காரன்லாம் வரப் போறான் தம்பி. வட்டம் போட்ட கடைக்கெல்லாம் சிமெண்டுக் கடை. பைப்பு, கரண்டு, பேன் எல்லாம் வருது."

"யாருண்ணே சொன்னா?"

"யாரு சொல்லணும்? கவர்மெண்டு சும்மா ஒருத்தன் பலகைக்குப் பெயிண்டு அடிச்சு விடுமா லா?"

எனக்கு இது மறுக்க முடியாத வாதமாகத் தெரிந்தது. அதற்குக் காரணமும் உண்டு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கம்பத்துக் குடியிருப்பில் இதே மாதிரி ஆட்கள் வந்து வீட்டுக்கு வீடு கதவில் சிவப்புப் பெயிண்டால் எண் போட்டார்கள். எண் போட்ட வீடுகளுக்கெல்லாம் பிறகு தண்ணீர்க் குழாய் வந்தது. எங்கள் வீடு வாழை மரங்களுக்குப் பின்னால் இருந்தது. அவர்கள் கண்ணில் படவில்லை. அடுத்த வீட்டுக் குழாயில் கடைசி ஆளாக நின்று குடம் குடமாகச் சுமந்தது அக்காதான். அவளுடைய இளமை முழுக்க அந்தக் குடத்தில்தான் போனது. அதனால் எங்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் என்றால் பயம் இல்லை. அது நம்மேல் படாமல் போய்விடுமோ என்பதுதான் பயம்.

"நீ படிச்சவன்" என்றாள் அக்கா. "ஆபீசுக்குப் போ. வட்டம் எதுக்கு, எனக்கு ஏன் போடல, இத மட்டும் கேட்டுட்டு வந்துரு. இந்தக் கடையும் போச்சுன்னா புள்ளைங்கள எப்படிடா படிக்க வைப்பேன்?"

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். பஸ் முழுக்க மலாயில் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா, நான் ஜபம் செய்கிறேன் என்று நினைத்துக் காலை ஒதுக்கிக்கொண்டார்.

மன்ற அலுவலகத்தில் வரிசையாக முகப்புக் கவுண்டர்கள். வீட்டு வரிக்கு ஒன்று, குப்பைப் புகாருக்கு ஒன்று, கடை உரிமத்துக்கு ஒன்று. கடை உரிம முகப்பில் ஒருவருமே இல்லை. உள்ளே இருந்த பெண்மணி என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அதுதான் வினை. நேராகப் போய் அவர் முன்னால் நிற்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எந்த வரிசை நீளமாக இருக்கிறதோ அதில் நின்றால் தைரியம் வர அவகாசம் கிடைக்கும் என்று நினைத்து, அங்கே இருந்ததிலேயே நீளமான வரிசையில் போய் நின்றேன். சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் வசதியாகச் சாய்ந்துகொண்டேன்.

தைரியம் வரவில்லை. என் முறைதான் வந்தது.

"அன்ஜிங்?" என்றார் உள்ளே இருந்தவர். நாயா என்று கேட்கிறார். நான் நின்றது நாய் லைசன்ஸ் வரிசை.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள். அவர் பேனாவை வேறு தூக்கிவிட்டார். தலையாட்டினேன்.

ஆணா என்றார். ஆட்டினேன். கறுப்பா என்றார். ஆட்டினேன். கடிக்குமா என்று கேட்டிருந்தால் அதற்கும் ஆட்டியிருப்பேன். என் பெயரையும் அக்கா கடை முகவரியையும் எழுதிக்கொண்டு, காசை வாங்கிக்கொண்டு, ஒரு சின்ன வட்டத் தகரத்தை என் கையில் வைத்தார். அதில் ஓர் எண்ணும் வருஷமும் அடித்திருந்தது. அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில், இல்லாத நாய்க்கு நான் சட்டபூர்வமான சொந்தக்காரன் ஆனேன். அரசாங்கச் சேவை மெதுவானது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

லோங்காங் பலகைக்கு அந்தப் பக்கமே அக்கா காத்திருந்தாள்.

"என்னாடா சொன்னாங்க?"

"எழுதிக்கிட்டாங்கக்கா."

"வட்டம்?"

பையில் கைவிட்டேன். தகரம் தட்டுப்பட்டது. எடுத்தேன்.

"நம்பர் குடுத்தாங்க" என்றேன். (அது பொய் இல்லை பாருங்கள். எண் கொடுத்தார்கள்தான்.)

அக்காவின் முகம் மலர்ந்தது. அந்தத் தகரத்தைக் கழுவி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மஞ்சள் நூலில் கோர்த்து, கடையில் இருந்த முருகன் படத்துக்கு மாட்டிவிட்டாள். அதன் பிறகு தினமும் காலையில் முருகனுக்கும் நாய் லைசன்ஸுக்கும் சேர்த்தே சூடம் காட்டப்பட்டது. நான் கண்ணை மூடிக்கொள்வேன். பக்தி என்று நினைத்துக்கொண்டாள்.

ராமையா அண்ணன் மட்டும் மயங்கவில்லை. பலகையைத் தாண்டி வந்து படத்தை உற்றுப் பார்த்தார்.

"நம்பரு சரி. வட்டம் எங்க? நாளைக்குப் பெரிய ஆபீசரு வந்து பாத்தா, நம்பரப் பாப்பாரா, வட்டத்தப் பாப்பாரா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

திரும்பவும் அலுவலகத்துக்கு நான் போவதாக இல்லை. (போனால் பூனை லைசன்ஸ் வாங்கிவந்திருப்பேன்.) ஆனால் நான் வேலை செய்வது இரும்புச் சாமான் கடை. அங்கே எல்லாச் சிவப்பும் உண்டு. ராமையா அண்ணன் கடையில் உதிர்ந்து கிடந்த பெயிண்ட் துகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போய், டின் டின்னாகத் திறந்து ஒப்பிட்டு, அதே சிவப்பைக் கண்டுபிடித்தேன். அடுத்த வாரம் ஒரு வேலை நாளில், மத்தியானம், கடற்கரையில் காக்கையைத் தவிர ஆள் இல்லாத நேரத்தில், அக்கா பாசார் சந்தைக்குப் போயிருக்கும்போது, ஒரு தட்டை அக்கா கடைப் பலகையில் கவிழ்த்துவைத்துச் சுற்றி வரைந்தேன். மன்றத்து ஆள் போட்ட வட்டங்கள் கோணல்மாணலாக இருந்தன. என்னுடையது நிலா மாதிரி இருந்தது. வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்துமுடித்த ஒரே வேலை அதுதான்.

"வந்து போட்டுட்டாங்களா!" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள் என்று நினைக்கிறீர்கள்? மன்றம் இருக்கும் திசையை.

கொஞ்ச நாளில் செய்தி வந்தது, இன்ன தேதியில் மன்றத்து ஆட்கள் வேலையை ஆரம்பிக்கிறார்கள் என்று. கடைக்காரர்கள் கூடினார்கள். நம்மாட்களுக்கு ஒரு நல்லது நடக்கப் போகிறது என்றால் முதலில் என்ன செய்வோம்? மாலைக்குச் சொல்லிவிடுவோம். கிள்ளானிலிருந்து ரோஜா மாலை, ஒரு பொன்னாடை, அக்கா கையால் ஒரு தாம்பாளம் உளுந்து வடை என்று முடிவானது. வரவேற்புரை யார்? மன்றத்தில் "பேசி" நம்பர் வாங்கிவந்தவன் ஒருவன்தானே இருக்கிறான்.

"என்னால முடியாதுண்ணே" என்றேன்.

"சும்மா இரு லா. ஒங்கக்காவே ஒன்னப் பத்தித்தான் பெருமையடிச்சுக்கிட்டு இருக்கா" என்றார் ராமையா அண்ணன்.

அன்றைக்குக் காலை ஒரு லோரி வந்தது. அதன் மேல் புல்டோசர். பின்னால் ஒரு ஜீப். அதிலிருந்து ஒரு மேற்பார்வையாளரும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். "பாத்தியா, போலீஸ் மரியாதையோட வர்றாங்க" என்று பட்டக் கடைக்காரர் பூரித்தார். மேற்பார்வையாளர் நடுத்தர வயது மலாய்க்காரர். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வந்தார். சண்டையை எதிர்பார்த்து வந்த முகம் அது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது அதைப் பதவியின் கம்பீரம் என்று நினைத்தேன்.

ராமையா அண்ணன் மாலையைப் போட்டார். மேற்பார்வையாளர் ஓர் அடி பின்வாங்கினார். பட்டக் கடைக்காரர் பொன்னாடையைப் போர்த்தினார். போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா வடையை நீட்டினாள். பிறகு என்னை முன்னால் தள்ளினார்கள்.

மனப்பாடம் செய்துவந்த மலாயில் பேசினேன். அதன் சாரம் இதுதான்: நீங்கள் வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தோம். தாமதிக்காமல் வேலையை ஆரம்பியுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், என் அக்காவின் கடையிலிருந்து ஆரம்பித்தால் எங்கள் குடும்பமே உங்களுக்கு நன்றி செலுத்தும்.

கடைசி வாக்கியம் அக்காவின் ஆசை. முதல் சிமெண்டுக் கடை தனக்கு வேண்டும் என்று. இத்தனை வருஷமும் கடைசியாகவே நின்றவள் அல்லவா.

மேற்பார்வையாளர் கண் கலங்கிவிட்டார். எத்தனையோ இடத்துக்குப் போயிருக்கிறாராம். கல்லால் அடித்திருக்கிறார்களாம், சுடுதண்ணீர் ஊற்றியிருக்கிறார்களாம். மாலை போட்டது நாங்கள்தானாம். வடையை மென்றுகொண்டே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு லோங்காங்குக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். மறுபடி அந்தப் பக்கம் பார்த்தார். நிலா மாதிரி வட்டம் ஜொலித்தது.

"அதுவுமா?" என்றார் என்னிடம்.

அதிகாரி. கேள்வி. நான்.

ஆட்டினேன்.

சாமான்களை வெளியே எடுக்கச் சொன்னார்கள். அக்கா முருகன் படத்தையும் கல்லாப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நின்றாள். "இவளுக்கு மட்டும் மொத நம்பரா?" என்று ராமையா அண்ணன் முணுமுணுத்தார். புல்டோசர் பலகையை நசுக்கிக்கொண்டு வடிகாலைத் தாண்டி ஏறியது. அக்காவின் கடை சண்டை போடவெல்லாம் இல்லை. ஒரு தட்டு தட்டியதும் முட்டிபோட்டு உட்கார்ந்து, அப்படியே படுத்துவிட்டது.

"புதுசு எப்ப எழுப்புவாங்கன்னு கேளு தம்பி" என்றாள் அக்கா.

வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் அதிகாரியிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். "என்சிக், புதுக் கடை எப்போது?"

"எந்தக் கடை?" என்றார் அவர்.

பிறகு பொறுமையாக வரைபடத்தை விரித்துக் காட்டினார். சுற்றுலாப் பஸ்கள் நிற்க வாகன நிறுத்துமிடம். கடலோரத்திலிருந்து லோங்காங் வரைக்கும். வட்டம் போட்ட கடையெல்லாம் அதற்காக அகற்ற வேண்டியவை. அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டி ரொம்ப நாளாகிறதே என்றார். எங்கே என்றேன். நாய் லைசன்ஸ் முகப்புக்குப் பக்கத்துப் பலகையில் என்றார். நான் சாய்ந்து நின்ற பலகை.

"அப்ப அந்தப் பக்கம்?" என்று கேட்டேன். எனக்கே கேட்காத குரலில்.

அந்தப் பக்கம் ஒன்றும் செய்வதாக இல்லையாம். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை இருப்பதும் நல்லதுதான், பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கினதும் சாப்பிட வேண்டுமே என்று மன்றக் கூட்டத்தில் பேசி, அதை அப்படியே விட்டுவிட முடிவு செய்தார்களாம். அதாவது, அந்தக் கடற்கரை முழுக்க ஒரே ஒரு கடை. அதன் வாசலில் பஸ் பஸ்ஸாக ஆட்கள். அந்தக் கடையைத்தான் நான் மாலை போட்டு இடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்காவுக்கு மலாய் பாதிதான் புரியும். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. முருகன் படத்திலிருந்து தகரத்தைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினாள். "எங்ககிட்ட நம்பர் இருக்கு! ஒங்க ஆபீசுல குடுத்த நம்பரு!"

மேற்பார்வையாளர் வாங்கினார். குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். திருப்பிப் பார்த்தார். போலீஸ்காரரிடம் காட்டினார். போலீஸ்காரர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"காக்கா, இது நாய்க்கு உள்ளது" என்று மிகுந்த மரியாதையோடு தகரத்தை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார் மேற்பார்வையாளர். மலாயில் அக்காவைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. கடலும் திரும்பிப் பார்த்தது என்றே சொல்வேன். ராமையா அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மாலையக் கழட்டு லா!" என்றார் மேற்பார்வையாளரைப் பார்த்து.

அந்த மனிதர் கழற்றிக் கொடுத்தார். பொன்னாடையை நான்காக மடித்து, தடவிவிட்டுக் கொடுத்தார். வடையைத்தான் திருப்பித் தர முடியவில்லை என்று வருத்தப்பட்டார். பிறகு மற்றக் கடைகளையும் இடித்தார்கள்.

மற்றவர்கள் ஒரு தலைவரைப் பிடித்து, மனு மேல் மனு போட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் வாங்கிவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. மன்றத்தின் முடிவுப்படி அவளுடைய கடை இடிக்கப்படவே இல்லை. இடிக்காத கடைக்கு மாற்று இடம் எப்படித் தருவார்கள்? சில வருஷம் வரைக்கும் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அந்தக் கடைக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. நாய்க்கும் வந்தது.

அக்கா கிள்ளானில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலைக்குப் போனாள். பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அதற்குப் பதிலாகச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். கல்யாணம், கருமாதி எங்கே போனாலும் யாராவது ஏதாவது அலுவலகத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றால், என் வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும்: "மாமாவ அனுப்பாதீங்க. போனா நாயோட வருவாரு." நானும் சிரிப்பேன். வேறென்ன செய்வது? தலையாட்டியும் வைப்பேன்.

கடை இடிந்த மறுநாள் காலையில், விட்டுப்போன தாம்பாளத்தை எடுப்பதற்காக அக்காவும் நானும் பஸ்ஸில் போனோம். பலகைக் குவியலின் மேல், சிவப்பு வட்டம் தெரிந்த பலகையில், ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது. ஆண் நாய். அக்கா முந்தானையில் முடிந்திருந்த தகரத்தை எடுத்து, மஞ்சள் நூலோடு அதன் கழுத்தில் கட்டினாள். தாம்பாளம் கிடைக்கவில்லை. பஸ் வந்தது. ஏறி வீட்டுக்கு வந்தோம்.